மூன்றாவது ஷீட்

சிங்காரவேலு தம் ஐம்பத்திரண்டாவது வயதில் மாணவரானார். ஆசிரியைக்கு வயது முப்பத்தொன்று.

திருச்சி உறையூரில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் இருந்தது அந்தக் கட்டட வரைபட அலுவலகம். அதன் முதலாளியிடம் இருபத்தாறு வருடம் சைட் சூப்பர்வைசராக இருந்தவர் சிங்காரவேலு. ஆடி மாதம் சாரம் சரிந்து கீழே விழுந்தார். வலது முழங்கால் எலும்பு கூடியது. ஆனால் முன்போல் மடங்கவில்லை. ஏணி ஏற முடியாதவருக்கு சைட்டில் என்ன வேலை?

முதலாளி மோசமான மனிதர் இல்லை.

"மேல ஒரு நாற்காலி காலியா இருக்கு. கம்ப்யூட்டர்ல படம் போடக் கத்துக்கங்க. ஜெசிந்தா சொல்லிக் குடுக்கும். கார்த்திகை கடைசி வெள்ளி வரைக்கும் பாப்போம். ஒரு கட்டடத்தோட வரைபட ஷீட் ஒரு செட்டை யார் கையும் படாம நீங்களே பி.டி.எஃப். ஆக்கி அனுப்பணும். அன்னிக்கு நாலு மணிக்கு நான் வருவேன். ஜெசிந்தா சரின்னு சொன்னா நாற்காலி உங்களுது. இல்லேன்னா குடோன்."

குடோன் என்றால் சிமென்ட் மூட்டை இறக்கும் இடத்தில் நாள் முழுக்க நிற்பது. அந்தக் காலோடு ஒரு மாதம் தாங்காது என்று முதலாளிக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

முதல் நாள் ஜெசிந்தாவை "பாப்பா" என்று கூப்பிட்டார். மூன்றாம் நாள் "மேடம்" என்றார். ஒரு வாரம் கழித்து, சுவர் ஒன்றைத் தெரியாமல் அழித்துவிட்டு, பதற்றத்தில் "டீச்சர்!" என்று கத்தினார். அதுவே நிலைத்துவிட்டது.

படம் வரைவது அவருக்குச் சீக்கிரம் பிடிபட்டது. சுவரைச் சுவராகவே வைக்கலாம், கதவை எடுத்துக் கதவாகவே பொருத்தலாம். கட்டடத்தைச் சுற்றி நடக்கலாம், கூரையைக் கழற்றி எட்டிப் பார்க்கலாம். முழங்கால் வலிக்காமல் மூன்றாவது மாடிக்குப் போகலாம்.

பிடிபடாதது ஒன்றுதான். திரையில் இருப்பதைத் தாளாக்குவது.

திரையில் கறுத்திருந்த கோடு பி.டி.எஃப்.பில் சாம்பலாக வந்தது. முழுசாக இருந்த படிக்கட்டு பாதியில் அறுந்து வந்தது. ஒரு நாள் பதினாலு ஷீட்டும் ஒழுங்காக வந்தன. பதினாலும் ஒரே ஷீட். இன்னொரு நாள் கட்டடம் தாளின் மூலையில் தபால்தலை அளவுக்குச் சுருங்கி உட்கார்ந்திருந்தது, மழைக்கு ஒதுங்கிய மாதிரி.

"டீச்சர், நான் ஒண்ணும் பண்ணல."

"சரிண்ணே."

"அதுவா இப்படி வருது."

"சரிண்ணே."

"திரையில நல்லாத்தான் இருக்கு. நீங்களே வந்து பாருங்க."

ஜெசிந்தா எழுந்து வந்தாள். திரையைப் பார்க்கவில்லை. அதன் பொத்தானை அழுத்தி அணைத்தாள். பிரிண்டரிலிருந்து தாளை எடுத்து வந்து அவர் முன்னால் விரித்தாள்.

"கழிவறை ஜன்னல் எவ்வளவு உயரத்துல இருக்கு?"

எழுத்து கடுகாக இருந்தது. சிங்காரவேலு மூக்குக் கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார். தாளை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். பிறகு கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் தாளின்மேல் சேர்த்து வைத்து, மெல்ல அகட்டினார்.

பக்கத்து நாற்காலி ஹனீபா சிரித்துவிட்டான். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். சிரிப்பை மட்டும் அடக்கத் தெரியாது.

"அண்ணே, அது பேப்பரு. இழுத்தா கிழியும். பெரிசாகாது."

சிங்காரவேலு கையை எடுத்துக்கொண்டார். காது சூடாகிவிட்டது.

ஜெசிந்தா சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை பண்ணிப் பாருங்கண்ணே" என்றாள்.

கேலியா, பாடமா? அவருக்கு விளங்கவில்லை. தாளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவள் போய்விட்டாள்.

அதைவிட அவரை அலைக்கழித்தவை பெட்டிகள். பி.டி.எஃப். பொத்தானை அழுத்தியதும் திரையின் நடுவில் சின்னப் பெட்டி ஒன்று எழும்பும். ஆங்கிலத்தில் ஏதோ கேட்கும். அவருக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டிப் படித்தால் புரியும். ஆனால் ஒருவர் பதிலுக்காக எதிரே காத்து நின்றால் பதறிவிடும் சுபாவம் அவருக்கு. பெட்டியும் அப்படித்தான் நின்றது. முதலில் எது இருக்கிறதோ அதை அழுத்திவிடுவார். பெட்டி போய்விடும். அது போனதே நிம்மதி.

கடைசி வாரத்துப் புதன்கிழமை, ஜெசிந்தா கொய்யாப்பழம் நறுக்கி உப்பு மிளகாய்த்தூள் போட்டு அவருக்கும் இரண்டு துண்டு கொடுத்தபோது, அவர் கேட்டார்.

"டீச்சர், ஒரு ஷீட்டு முடிஞ்சுதுன்னு எப்படித் தெரியும்?"

"ஏன் கேக்கறீங்க?"

"கட்டடம் முடிஞ்சா தெரியும். பால் காய்ச்சுவாங்க. பூச்சு முடிஞ்சா தெரியும், சாரத்தைப் பிரிச்சிடுவோம். இது முடியவே மாட்டேங்குது. பாக்கும்போதெல்லாம் ஒண்ணு மாறி இருக்கு. எது முடிவு?"

அவள் ஒரு துண்டைத் தின்று முடித்தாள்.

"நாளைக்கு செட்டை அனுப்பிடுங்க. வெள்ளிக்கிழமை காலையில மண்ணச்சநல்லூர் சைட்டுக்கு வாங்க. அங்க சொல்றேன்."

"அனுப்பறதுக்கு முன்னாடி நீங்க ஒரு பார்வை பாத்துட்டீங்கன்னா..."

"பாக்க மாட்டேன்."

"ஒரே ஒரு பார்வை டீச்சர்."

"நான் பாத்தா அது என் ஷீட்டு."

வியாழக்கிழமை மாலைக்குள் அவர் அனுப்பிவிட்டார். மண்ணச்சநல்லூரில் கட்டப்போகும் பல் மருத்துவமனை, பதினாலு ஷீட். வழக்கம்போல் பெட்டிகள் எழும்பின, வழக்கம்போல் போயின. பி.டி.எஃப்.பைத் திறந்து பார்த்தார். கோடுகள் கறுப்பாக இருந்தன. படிக்கட்டு முழுசாக இருந்தது. பதினாலும் பதினாலு வேறு ஷீட்டுகளாக இருந்தன. காண்டிராக்டர், இன்ஜினியர், எலெக்ட்ரீஷியன், பிளம்பர், இடத்துக்காரரான பல் டாக்டரம்மா, போர்வெல்காரர் என்று ஆறு பேருக்கும் அனுப்பினார். ஒரு மாதத்தில் முதல் முறையாக அன்று வாய்விட்டுப் பாடிக்கொண்டே மாடிப்படி இறங்கினார், ஒவ்வொரு படியாக, கைப்பிடியைப் பிடித்தபடி.

*

மண்ணச்சநல்லூரில் அந்த மனை இரண்டு அரிசி ஆலைகளுக்கு நடுவே இருந்தது. புல்லையும் புதரையும் வழித்துவிட்டு, உமிச்சாம்பலும் மண்ணும் கலந்து கொட்டிச் சமப்படுத்தியிருந்தார்கள். துடைத்து வைத்த சிலேட்டுபோல் கிடந்தது. காற்றில் புழுங்கல் நெல்லின் வாசனை.

மேஸ்திரி மாயழகு தம் ஆட்கள் இருவரோடு நூல்கயிறும் சுண்ணாம்புத் தூளும் வைத்துக்கொண்டு நின்றார். கையில் காண்டிராக்டர் அச்செடுத்துக் கொடுத்த ஷீட்டுக் கட்டு. சிங்காரவேலுவைப் பதினைந்து வருடமாகத் தெரிந்தவர்.

ஜெசிந்தா ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தினாள்.

"அண்ணே, மாயழகு அண்ணன் தாளைப் பாத்து தரையில மார்க்கிங் போடுவாரு. நீங்க கூட நிக்கலாம். பேசக் கூடாது."

"ஏதாவது கேட்டா?"

"பேசக் கூடாது."

"தப்பாப் போட்டா?"

"பேசக் கூடாது."

"கையைக் காட்டலாமா?"

"அதுவும் பேச்சுதான்."

சிங்காரவேலு அவள் முகத்தைப் பார்த்தார். விளையாட்டு என்று தோன்றவில்லை.

"வாயைத் திறந்தீங்கன்னா ஷீட்டு முடியலன்னு அர்த்தம். சாயங்காலம் முதலாளிகிட்ட அப்படித்தான் சொல்லுவேன்."

சிங்காரவேலு வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். இப்போதே தொடங்கிவிட்டதா, இன்னும் இல்லையா என்றுகூடக் கேட்க முடியவில்லை.

மாயழகு தாளை விரித்தார். "சொல்லுங்கண்ணே, எந்தப் பக்கத்துலேருந்து ஆரம்பிக்கலாம்?"

சிங்காரவேலு அரிசி ஆலைப் புகைபோக்கியைப் பார்த்தார்.

"அண்ணே, உங்களைத்தான்."

புகைபோக்கி.

"என்ன மேடம், உங்க ஆளு மௌன விரதமா? வாயில கொழுக்கட்டையை வச்சுக்கிட்டா வந்திருக்காரு?"

"நீங்க தாளைப் பாருங்க" என்றாள் ஜெசிந்தா.

இருபத்தாறு வருடமும் அவர் வாயால்தான் கட்டடம் கட்டியிருந்தார். பிளானில் இருப்பது பாதி; மீதியை அவர் சொல்லுவார். 'இங்க நாலு இஞ்சு தள்ளு.' 'இது எழுதியிருக்கு, ஆனா அப்படி வேணாம்.' 'அதெல்லாம் கேக்காத, போடு.' மேஸ்திரிகள் தாளைப் பார்க்க மாட்டார்கள். அவர் முகத்தைப் பார்ப்பார்கள். இப்போதும் மாயழகு முகத்தைத்தான் பார்த்தார். முகம் ஒன்றும் சொல்லவில்லை என்றதும் வேறு வழியில்லாமல் தாளுக்குத் திரும்பினார்.

"இந்தப் பதினோரடி... தூணோட நடுவுலேருந்தா, ஓரத்துலேருந்தா?"

சிங்காரவேலு ஒரு விரலை மடக்கினார். நடுவிலிருந்துதான். அதை எழுத வேண்டும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை.

"வாசக்கதவு எந்தப் பக்கம் திறக்குது?"

இன்னொரு விரல்.

"வடக்கு எதுன்னு போட்டிருக்கு. சரி. சாலை எதுன்னு போடலையே?"

இன்னொன்று.

மாயழகு ஒரு தூணின் இடத்தைத் தவறாக வைத்தார், யோசித்தார், தாளைத் திருப்பினார், நகர்த்தினார், மறுபடி தவறாகவே வைத்தார். சிங்காரவேலு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். ஒன்பது மணிக்குள் இரண்டு கையிலும் விரல் தீர்ந்துவிட்டது.

எதற்காக இது? ஷீட் நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதானால் நாலு கேள்வி கேட்டால் போதாதா? பக்கத்திலேயே நிற்கிறார், பதில் தெரிந்தவர். அவரை ஊமையாக்கி வைத்துவிட்டு இந்த மனிதரைத் தவிக்க விடுவதில் யாருக்கு என்ன லாபம்? திரும்பி ஜெசிந்தாவைப் பார்த்தார். அவள் மாயழகுவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது சாலையிலிருந்து மண் வெட்டும் இயந்திரம் ஒன்று உறுமிக்கொண்டு உள்ளே திரும்பியது.

"டேய், நாளைக்குத்தானே உன்னை வரச் சொன்னது?" என்றார் மாயழகு.

டிரைவர் மேலிருந்தே கத்தினான். "பக்கத்து வேலை சீக்கிரம் முடிஞ்சிருச்சு மேஸ்திரி. வண்டியை இங்கயே போட்டுட்டுப் போறேன். விடிஞ்சதும் வந்துருவேன். எங்க நிறுத்தட்டும்?"

மாயழகு தாள்களைப் புரட்டினார். மூன்றாவது ஷீட்டை மேலே எடுத்தார். மனை முழுவதையும் காட்டும் ஷீட் அது. விரலால் தடவிக்கொண்டே போனார்.

"அந்த வடகிழக்கு மூலையில ஒண்ணும் வரல. காலி இடம். அங்க கொண்டுபோய் ஓரமா நிறுத்து."

இயந்திரம் அந்த மூலைக்குத் திரும்பியது.

சிங்காரவேலு தாளை எட்டிப் பார்த்தார். வெள்ளையாக இருந்தது. அந்த மூலையில் ஒன்றுமே இல்லை.

ஒன்றுமே இல்லையா?

"நிறுத்து!"

அந்தக் குரல் அரிசி ஆலைச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. ஓடினார். மடங்காத காலை இழுத்துக்கொண்டு, சுண்ணாம்புக் கோடுகளை மிதித்து அழித்துக்கொண்டு ஓடினார். "நிறுத்துடா! கிணறுடா! அது கிணறு!"

இயந்திரம் குலுங்கி நின்றது. முன் சக்கரத்துக்கும் அவருக்கும் நடுவே ஆறேழு அடி இருக்கும்.

கடப்பாரையால் மண்ணை விலக்கினார்கள். அரை அடி ஆழத்தில் கற்பலகை தட்டுப்பட்டது. இரண்டு பலகைகளுக்கு நடுவே ஒரு விரிசல். மாயழகு ஒரு கூழாங்கல்லை எடுத்து அதில் போட்டார். எல்லாரும் காத்திருந்தார்கள். கல் விழுந்த சத்தம் வர இவ்வளவு நேரம் ஆகுமா என்று தோன்றிய பிறகு வந்தது.

டிரைவர் கீழே இறங்கி மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

"காலி இடம்னு சொன்னியே மேஸ்திரி!"

"தாள்ல காலியாத்தான்டா இருக்கு!" மாயழகு தாளை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார். "இந்தா, நீயே பாரு. கிணறு எங்க இருக்கு, காட்டு!"

சிங்காரவேலுவுக்கு எல்லாம் ஒன்றாகக் குழம்பியது. மண் கொட்டுவதற்கு முன்பு இந்த மனையை அளந்தவரே அவர்தான். ஆலைக் காவலாளி சொல்லி, பலகையை நெம்பி உள்ளே பார்த்தவரும் அவர்தான். படத்தில் அந்த மூலையில் கிணற்றுக்கு வட்டம் போட்டதும் அவரே. அந்த வட்டத்தைத் திரையில் நூறு தடவை பார்த்திருக்கிறார். பிறகு எப்படி...

செவ்வாய்க்கிழமை. வேலிக் கோட்டைப் பிடிக்கப் போகும்போதெல்லாம் மவுஸ் அந்த வட்டத்தைப் பிடித்துக்கொண்டு தொல்லை கொடுத்தது. ஹனீபாதான் வழி சொன்னான். 'கீழ கூலிங்கிளாஸ் மாதிரி கறுப்புக் கண்ணாடி படம் இருக்கு பாருங்க, அதை அழுத்துங்க. கொஞ்ச நேரம் மறைஞ்சிருக்கும். வேலை முடிஞ்சதும் திரும்பக் கூப்பிட்டுக்கலாம்.' மறைத்தார். வேலை முடிந்தது. கூப்பிட மறந்துவிட்டார். அவர் கண்ணுக்கு மட்டும் வட்டம் அங்கேயே இருந்தது. எங்கே இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியுமே.

கற்பலகை ஓரமாக உட்கார்ந்தார். ஜெசிந்தா வந்து பக்கத்தில் நின்றாள். அவள் முகமும் வெளிறித்தான் இருந்தது.

"டீச்சர், நான் பேசிட்டேன்."

அவள் குனிந்து விரிசலுக்குள் பார்த்தாள்.

"பேசாம எப்படி இருக்க முடியும்? நீங்களே சொல்லுங்க. நான் இங்க இருந்தேன், கத்தினேன், ஒண்ணும் ஆகல. அப்ப அது தப்பா?"

"இந்த ஷீட்டை எத்தனை பேருக்கு அனுப்பினீங்க?"

"ஆறு பேருக்கு."

"அந்த ஆறு எடத்துலயும் இப்ப யாரு கத்தறா?"

சிங்காரவேலு அவளை அண்ணாந்து பார்த்தார். அப்புறம் மூலையைப் பார்த்தார். அப்புறம் கையை ஊன்றி எழுந்தார்.

"உங்க லேப்டாப்பு வண்டியிலதானே இருக்கு?"

*

செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, மூன்றாவது ஷீட்டைத் திறந்தார். படத்தைச் சுற்றி நீலத்தில் ஒரு கட்டம் ஓடிக்கொண்டிருந்தது.

"இதை அழகுக்குப் போட்டிருக்காங்கன்னு நினைச்சேன் டீச்சர்."

"இந்தப் படத்துல ஏதோ மறைஞ்சிருக்குன்னு சொல்லுது."

"நாலு நாளா சொல்லியிருக்கு."

கறுப்புக் கண்ணாடியை அழுத்தினார். வட்டம் வந்து அதன் இடத்தில் உட்கார்ந்தது. 'பழைய கிணறு, பலகையால் மூடியது, மேலே கனம் ஏற்றக் கூடாது' என்று பக்கத்தில் எழுதினார். எழுத்தின் அளவைப் பெரிதாக்கினார். பிறகு ஒவ்வொரு விரலாக நினைவுபடுத்தி எழுதத் தொடங்கினார். அளவு தூணின் நடுவிலிருந்து. கதவு உள்பக்கம் திறக்கும். சாலை இந்தப் பக்கம்.

மாயழகு வந்து எட்டிப் பார்த்தார். "அண்ணே, இப்பவாவது வாயால சொல்லலாம்ல? சமையலறை... ச்சே, அந்த மருந்து அறை ஜன்னல் எதுக்கு நேரா வருது?"

சிங்காரவேலு அதையும் எழுதினார். இன்னும் நாலு ஷீட்டைத் திறந்து, மாயழகு என்னென்ன கேட்பார் என்று தாமே யோசித்து எழுதினார். வெயில் ஏறியது. யாரோ தேநீர் கொண்டுவந்து வைத்தார்கள், ஆடை கட்டியது.

கடைசியாகப் பி.டி.எஃப். பொத்தான். பெட்டி எழும்பியது. அவர் திரும்பி ஜெசிந்தாவைப் பார்த்தார். அவள் மாயழகுவின் ஆட்களோடு கிணற்றைச் சுற்றிக் கம்பு நட்டுக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள்.

பெட்டி காத்திருந்தது. இந்த முறை அவர் அதைக் காக்க வைத்தார். விரலை வைத்து எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்தார். வியாழக்கிழமை படிக்காமல் தள்ளிவிட்ட பெட்டிகளில் ஒன்று, மறைத்தது மறைந்தே இருக்கட்டுமா என்றுதான் கேட்டிருக்கும் என்று இப்போது புரிந்தது. ஒரு பெட்டி முடிய மூன்று நிமிடம் ஆனது. ஒன்றும் மறைந்திருக்கவில்லை என்று தெரிந்தும் ஒவ்வொரு ஷீட்டாகத் திறந்து பார்த்தார். அனுப்பினார்.

அனுப்பியதோடு நிற்கவில்லை. ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்.

"காண்டிராக்டர், நேத்து அனுப்பினதைக் கிழிச்சுப் போடுங்க. ஆமா, தப்பு. என் தப்புதான். கிணறு விட்டுப்போச்சு... திட்டுங்க, பரவால்ல. கிழிச்சுட்டீங்களா? கிழிக்கிற சத்தம் கேக்கட்டும்."

எலெக்ட்ரீஷியன் சிரித்தார். பிளம்பர், கழிவுத் தொட்டியை அந்த மூலையில்தான் வைக்கலாம் என்று இருந்தேன் என்றார். டாக்டரம்மாவுக்குத் தம் இடத்தில் கிணறு இருப்பதே தெரியாது. இன்ஜினியர் நன்றி சொன்னார். அதுதான் சிங்காரவேலுவுக்கு அதிகம் உறைத்தது.

ஆறாவது, போர்வெல்காரர் பழனியாண்டி. அவர் போன் அணைந்திருந்தது. வாட்ஸ்அப்பில் போய்ச் சேராமல் ஒற்றை டிக்கோடு நின்றது ஷீட். வீட்டு எண்ணுக்குப் போட்டபோது அவர் மனைவி எடுத்தார்.

"அவரு உப்பிலியபுரம் பக்கத்துல போர் போட்டுக்கிட்டு இருக்காரு. போன்ல சார்ஜ் இருக்காது. அங்கேருந்து நேரா லாரியோட கிளம்பி விடியறதுக்குள்ள உங்க எடத்துக்குத்தான் வர்றாராம். பேப்பரு நேத்தே வந்துருச்சுன்னு சொன்னாரே?"

"எந்தப் பேப்பரும்மா?"

"நீங்க அனுப்பினதுதான். அச்செடுத்துக் கையோட கொண்டுபோயிருக்காரு. லாரி நிறுத்த மூலையில நல்ல எடம் இருக்குன்னாரு."

சிங்காரவேலு போனைச் சட்டைப் பையில் போட்டார்.

"அதான் கயிறு கட்டியாச்சே" என்றான் டிரைவர்.

மாயழகு தலையை ஆட்டினார். "விடியுமுன்ன இருட்டுல வர்றவன் தாளைப் பாப்பானா, கயிறைப் பாப்பானா? தாள்ல இல்லாத கயிறுன்னா, எவனோ மாடு கட்டியிருக்கான்னு அவுத்துப் போட்டுட்டு லாரியை ஏத்துவான். நானா இருந்தாலும் ஏத்துவேன்."

சிங்காரவேலு ஊரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் மூன்றாவது ஷீட்டை அச்செடுத்தார். கடைக்காரரிடம் இரண்டு முறை கேட்டார், அளவு சுருங்காமல் வந்திருக்கிறதா என்று. அளவுகோல் வாங்கி வேலிக் கோட்டை அளந்து பார்த்துவிட்டு நாலாக மடித்துக்கொண்டார்.

மணி இரண்டே கால். சாலையின் இந்தப் பக்கம் திருச்சி போகும் பஸ் நிற்கும். எதிர்ப்பக்கம் துறையூர் பஸ்.

ஜெசிந்தா ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்து இந்தப் பக்கத்தில் நிறுத்தினாள். சிங்காரவேலு அவள் பக்கத்தில் நின்றார்.

"நாலு மணிக்கு முதலாளி வருவாரு டீச்சர்."

"வருவாரு."

"துறையூர் போயி, அங்கேருந்து உப்பிலியபுரம் போயி, போர்வெல்காரரைத் தேடிப் பிடிச்சுத் திரும்ப ராத்திரி ஆயிரும்."

"ஆயிரும்ணே."

"நாளைக்கு முதலாளி ஊர்ல இருக்க மாட்டாரு. இன்னிக்குதான் கெடு."

"தெரியும்."

உங்க ஸ்கூட்டர்ல நீங்க போயிட்டு வந்தா என்ன என்று கேட்கத்தான் வாயெடுத்தார். அவள் போவாள். கேட்டால் மறுக்க மாட்டாள் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. தெரிந்ததால் கேட்கவில்லை. விடியும் வரை சைட்டிலேயே நின்று கத்தலாம்; அப்போதும் பேசுவது அவர் வாய்தான், ஷீட் இல்லை.

"நான் பண்றது சரியா, தப்பா, எனக்கு ஒண்ணும் புரியல டீச்சர். புதன்கிழமை ஒண்ணு கேட்டேன். அதுக்கே நீங்க இன்னும் பதில் சொல்லல."

அவள் எதிர்ப்பக்கச் சாலையைப் பார்த்தாள். துறையூர் பஸ் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது.

சிங்காரவேலு சாலையைக் கடந்தார். காலை இழுத்து இழுத்து, ஒரு கையை நீட்டி லாரியொன்றை நிறுத்தி, கடந்தார். பஸ் நின்றது. கண்டக்டர் "ஏறுங்க பெரியவரே, சீக்கிரம்" என்றார். படியில் ஒரு காலை வைத்தவர், கம்பியைப் பிடித்தபடி திரும்பினார்.

"டீச்சர்! நாற்காலி காலியா இருக்கேன்னு முதலாளி கேட்டா என்ன சொல்லுவீங்க?"

ஜெசிந்தா சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தமாகச் சொன்னாள்:

"இன்னும் அனுப்பிக்கிட்டு இருக்காருன்னு சொல்றேன்."